டர்போ பூட்டிய மோட்டார் சைக்கிளைச் சுருதி கூட்டும் முறை



சென்ற கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, தில்லியில் நான் வாழும் குடியிருப்புக்கு ஓர் இளைஞர் வந்தார். திருநெல்வேலிப் பக்கத்தவர், குருகிராமத்தில் ஓர் அலுவலகத்தில் பணிபுரிகின்றவர். அவருடைய வலக் கை மணிக்கட்டில் மாவுக்கட்டு இருந்தது. இடக் கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொருள். அதனை மேசைமேல் பிரித்து வைத்தார். அது ஒரு மோட்டார் சைக்கிளின் பிஸ்டன். அதன் தலையில் சுண்டுவிரல் நுழையக்கூடிய துளை ஒன்று காணப்பட்டது. துளையின் விளிம்பு, மெழுகு உருகி உறைந்தாற்போல் இருந்தது.

“ஐயா, வெளிநாட்டிலிருந்து வரவழைத்த டர்போவை என் வண்டியில் பூட்டினேன். ஜெய்ப்பூர்ச் சாலையில் செல்லும்போது பொறியிலிருந்து பெரிய சத்தம் ஒன்று கேட்டது. அடுத்த கணமே பின்சக்கரம் வழுக்கி விழுந்துவிட்டேன். தலைக்கவசம் இருந்ததால் பிழைத்தேன். டர்போவுடன் வந்த கையேட்டை நான் சரியாகப் படிக்கவில்லை. தாங்கள் படித்துப் பார்த்துப் பிழை எங்கே என்று சொல்லவேண்டும்” என்றார்.

மொழிபெயர்ப்பது என் தொழில். இயந்திரநூல் கற்றவன் அல்லன். ஆயினும் பொறியியல் சார்ந்த ஏடுகளைப் பல ஆண்டுகளாக மொழிபெயர்த்து வந்த பழக்கத்தால் அந்தக் கையேட்டைப் படித்தேன். பின்னர், இத்துறையில் நெடுநாள் அனுபவம் வாய்ந்த ஒரு மெக்கானிக்கின் பட்டறையில் சில விடுமுறை நாள்களைக் கழித்தேன். அங்கே அறிந்தவற்றை இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகின்றேன். ஊரைவிட்டு வெளிமாநிலங்களில் வேலை பார்க்கும் நம் இளைஞர்கள் பலர், முதல் சம்பளத்தில் வாங்கும் பொருள் மோட்டார் சைக்கிளாகவே இருக்கின்றது. ஆதலின் இச்செய்தி சில வீடுகளுக்காவது பயன்படும் என்று நம்புகின்றேன்.

முதலில், டர்போ என்பது யாது? நம் ஊர்க் கொல்லன் உலையை நினைத்துக்கொள்ளுங்கள். துருத்தியால் காற்றை ஊதினால் கரி மிகுதியாக எரிகின்றது, வெப்பமும் மிகுகின்றது. சாதாரணப் பொறி, காற்றைத் தானே உறிஞ்சிக்கொள்கின்றது. வெளியிலுள்ள காற்றின் அழுத்தம் எவ்வளவோ அவ்வளவுதான் அதற்குக் கிடைக்கும். கடல்மட்டத்தில் அந்த அழுத்தம் சதுர அங்குலத்திற்கு 14.7 ராத்தல். இதற்கு மேலும் காற்றைத் திணித்தால், அதற்கேற்பப் பெட்ரோலையும் கூட்டி எரிக்கலாம், சக்தியும் கூடும். இத்துருத்தியை இயக்குவது எது? பொறியிலிருந்து வெளியேறும் புகையே. பெட்ரோலில் உள்ள ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புகைக்குழாய் வழியே வீணாகின்றது. அப்புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்ற, அதே அச்சில் பூட்டப்பட்ட மற்றொரு சக்கரம் புதுக் காற்றை உள்ளே தள்ளுகின்றது. சுவிட்சர்லாந்தின் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஷி 1905-ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார். கப்பல்களிலும் விமானங்களிலும் லாரிகளிலும் பயன்பட்ட பிறகே இது மோட்டார் சைக்கிளுக்கு வந்தது.

மோட்டார் சைக்கிளில் இதன் வரலாறு சிறியது. ஆனால் பாடம் பெரியது. 1978-இல் அமெரிக்காவில் கவாசாகி இசட்-1-ஆர் என்னும் 1,015 கன சென்டிமீட்டர் வண்டியில் டர்போவைப் பூட்டி விற்றனர். சக்தி ஏறத்தாழ 130 குதிரைத் திறன் ஆயிற்று. ஆனால் பொறியின் உள்ளுறுப்புகள் பெரும்பாலும் பழையவையே. உத்தரவாதம் இன்றியே அது விற்கப்பட்டது. அதன் பின்னர் ஜப்பானிய நிறுவனங்கள் நான்கும், தொழிற்சாலையிலேயே டர்போவுக்கென வடிவமைத்த வண்டிகளைக் கொண்டுவந்தன. 1982-இல் விற்பனைக்கு வந்த ஹோண்டா சி-எக்ஸ் 500 டர்போவைப் பாருங்கள். அதன் மூல வண்டியின் சக்தி ஏறத்தாழ 50 குதிரைத் திறன். டர்போ வண்டியின் சக்தி 82. இவ்வளவு உயர்வு கிடைக்க அவர்கள் செய்த முதல் வேலை, பொறியின் இறுக்க விகிதத்தை 10-லிருந்து 7.2-ஆகக் குறைத்ததுதான். 1984-இல் வந்த கவாசாகி ஜி-பி-இசட் 750 டர்போ 112 குதிரைத் திறன் தந்தது. அதிலும் இறுக்க விகிதம் 7.8 மட்டுமே.

இந்த இறுக்க விகிதத்தைச் சற்றே விளக்கவேண்டும். சிலிண்டருக்குள் புகுந்த கலவையைப் பிஸ்டன் எத்தனை மடங்கு நெருக்குகின்றது என்பதே அது. நம் இளைஞரின் வண்டி 400 கன சென்டிமீட்டர் கொண்ட ஒற்றைச் சிலிண்டர் வண்டி. அதன் இறுக்க விகிதம் 12. வெறும் காற்றை உறிஞ்சும் பொறிக்கு அது தகும். முன்னரே துருத்தியால் நெருக்கப்பட்ட காற்றை, மேலும் 12 மடங்கு நெருக்கினால் என்ன ஆகும்? ஹோண்டாவின் பொறியாளர்கள் 7.2-க்கு இறங்கிய இடத்தில், இவர் 12-இலேயே நின்றுவிட்டார். பிழையின் முதல் வேர் இதுவே.

நெருக்கப்படும் காற்று சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பின் அடிப்பகுதி சுடுவதை நாம் சிறுவயதிலேயே அறிவோம். 27 பாகை வெப்பமுள்ள காற்றைச் சதுர அங்குலத்திற்கு ஏறத்தாழ 7 ராத்தல் கூடுதலாக நெருக்கினால், சாதாரண டர்போவில் அதன் வெப்பம் 84 பாகை அளவுக்கு உயர்கின்றது. சூடான காற்று விரிவடைவதால், அழுத்தம் ஒன்றரை மடங்கானாலும், உண்மையில் உள்ளே செல்லும் காற்றின் எடை கால் பங்கு மட்டுமே கூடுகின்றது. தில்லியின் மே மாதத்து 45 பாகை வெயிலிலோ, அக்காற்று 100 பாகையையும் தாண்டிவிடும். இதனாற்றான் இன்டர்கூலர் என்னும் குளிர்விப்பான் தேவைப்படுகின்றது. மோட்டார் சைக்கிளில் அதற்கு இடம் காண்பது கடினம் என்று சிலர் அதை விட்டுவிடுகின்றனர். நம் இளைஞரும் விட்டுவிட்டார்.

வெப்பமும் அழுத்தமும் அளவுமீறினால் நேர்வதே ‘நாக்கிங்’ என்று மெக்கானிக்குகள் சொல்லும் தட்டல். ஸ்பார்க் பிளக் கொளுத்திய தீ, சிலிண்டருக்குள் ஒழுங்காகப் பரவவேண்டும். அத்தீ வந்து சேர்வதற்கு முன்னரே மூலையில் எஞ்சிய கலவை தானாகத் தீப்பற்றி ஒரே கணத்தில் எரிந்துவிடுமானால், அழுத்த அலை எழுந்து சுவர்களில் மோதுகின்றது. பிஸ்டனைக் காக்கும் மெல்லிய வாயுப் படலம் அதனால் கலைகின்றது. வெப்பம் நேரே அலுமினியத்தில் பாய்கின்றது. வளையங்கள் பொருந்திய விளிம்பு உடையும். அல்லது பிஸ்டனின் தலை உருகித் துளைபடும். காரில் இச்சத்தம் காதில் விழக்கூடும். தலைக்கவசம் அணிந்து, எதிர்காற்றில் விரையும் மோட்டார் சைக்கிளோட்டிக்குக் கேளாது. அபாயத்தின் அறிவிப்பு அவரை எட்டுவதே இல்லை.

இனி, சுருதி கூட்டும் வேலைக்கு வருவோம். ‘டியூனிங்’ என்ற சொல்லுக்கு இதனினும் பொருத்தமான தமிழை நான் காணவில்லை. வீணையின் ஒரு தந்தியை முறுக்கினால் மற்றவற்றையும் அதற்கேற்பச் சரிசெய்யவேண்டும். அதிகமாக முறுக்கினால் தந்தி அறும். இங்கே தந்திகள் மூன்று: காற்றழுத்தம், எரிபொருள், பற்றவைக்கும் நேரம்.

காற்றழுத்தத்தை அடக்கியாள்வது ‘வேஸ்ட் கேட்’ என்னும் கதவு. பிரஷர் குக்கரின் தலையில் அமர்ந்த வெயிட்டைப் போன்றது இது. குறித்த அழுத்தம் வந்தவுடன் ஒரு வில் விட்டுக்கொடுக்க, கதவு திறந்து, மிகையான புகை சக்கரத்தைச் சுழற்றாமல் விலகிச் சென்றுவிடும். வெயிட்டின்மீது கல்லை வைத்துச் சமைப்பவர் எவருமிலர். ஆனால் வேஸ்ட் கேட்டின் வில்லை இறுக்கி ‘இன்னும் கொஞ்சம்’ என்று பார்ப்பவர் பலர். கதவு சிறியதாயின், வில் சரியாக இருந்தும், வேகம் கூடக் கூட அழுத்தம் தானே ஏறிக்கொண்டு செல்வதும் உண்டு. ஆதலின் அழுத்தமானி ஒன்று கட்டாயம் இருக்கவேண்டும். அழுத்தம் எல்லை மீறினால் பற்றவைப்பை நிறுத்திவிடும் ஏற்பாடும் வேண்டும்.

எரிபொருளில், 1 பங்கு பெட்ரோல் முற்றும் எரிய 14.7 பங்கு காற்று தேவை. மென்மையாகச் செல்லும்போது இந்த விகிதம் போதும். டர்போ அழுத்தம் தரும்போது ஏறத்தாழ 11.5 முதல் 12 வரை, அதாவது பெட்ரோலை மிகுத்துக் கொடுக்கவேண்டும். மிகுந்த பெட்ரோல் ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சிப் பொறியைக் காக்கின்றது. இங்கே நம் நாட்டுக்குரிய ஒரு செய்தி உண்டு. 2025-ஆம் ஆண்டில் நாடெங்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலப்பது நடைமுறைக்கு வந்துவிட்டது. எத்தனால் தட்டலைத் தடுக்கும் இயல்புடையது, அது நன்மை. ஆனால் அக்கலவை எரிய 13.5 பங்கு காற்றே போதும். வேறுவிதமாகச் சொன்னால், அதே காற்றுக்கு 8 அல்லது 9 விழுக்காடு மிகுதியான எரிபொருள் தேவை. வெளிநாட்டுக் கையேட்டில் கண்ட எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டால், பொறி பட்டினி கிடக்கும். ஆகவே புகையிலுள்ள பிராணவாயுவை அளந்து ‘லாம்டா’ என்னும் அளவில் காட்டும் கருவியை நம்புவதே முறை. எந்த எரிபொருளாயினும், முழு அழுத்தத்தில் லாம்டா 0.78 முதல் 0.82 வரை இருப்பது பாதுகாப்பு.

பெட்ரோல் போதுமா என்பதை ஓட்டிப் பார்த்து அறியலாகாது. முன்கூட்டியே கணக்கிட வேண்டும். டர்போ பூட்டிய பொறியில், 1 குதிரைத் திறனுக்கு மணிக்கு ஏறத்தாழ 0.6 ராத்தல் பெட்ரோல் செலவாகும். 60 குதிரைத் திறன் எதிர்பார்த்தால் 36 ராத்தல் வேண்டும். இன்ஜெக்டர் தன் நேரத்தில் 80 விழுக்காட்டுக்கு மேல் திறந்திருக்கலாகாது என்பதால், நிமிடத்திற்கு ஏறத்தாழ 470 கன சென்டிமீட்டர் பாய்ச்சக்கூடிய இன்ஜெக்டர் தேவைப்படும். எத்தனால் கலந்த எரிபொருளுக்கு அதனினும் கூடுதல். மேலும், உள்ளே காற்றழுத்தம் 7 ராத்தல் கூடினால், பெட்ரோல் குழாயின் அழுத்தமும் அதே 7 ராத்தல் கூடவேண்டும். இல்லையேல் இன்ஜெக்டரின் வாயில் காற்று எதிர்த்து நின்று பெட்ரோலைக் குறைத்துவிடும்.

மூன்றாவது, பற்றவைக்கும் நேரம். பிஸ்டன் உச்சியை அடைவதற்குச் சில பாகைகள் முன்னரே பிளக் தீப்பொறியைத் தருகின்றது. நெருக்கமான கலவை விரைந்து எரியும். ஆதலின் அழுத்தம் கூடும்போது தீப்பொறியைத் தாமதிக்க வேண்டும். ஒரு ராத்தல் அழுத்தத்திற்கு ஒரு பாகை என்பது தொடக்கத்திற்கான நாட்டுக்கணக்கு. அளவுக்கு மீறித் தாமதித்தாலும் தீங்குண்டு. எரிதல் முடியுமுன்னரே புகைவால்வு திறக்க, வால்வும் டர்போவின் சக்கரமும் சிவக்கக் காய்ந்துவிடும்.

வேலையைத் தொடங்குமுன் செய்யவேண்டியவை சில. பொறியின் இறுக்கத்தையும் வால்வு இடைவெளியையும் சோதிக்கவேண்டும். பழுதுள்ள பொறியை டர்போ திருத்தாது, விரைந்து கெடுக்கும். ஒரு படி குளிர்ந்த வகைப் பிளக்கை இட்டு, அதன் இடைவெளியைச் சற்றுக் குறைக்கவேண்டும். காற்றுக்குழாய்களில் மென்மையாகக் காற்றடைத்துச் சோப்பு நீர் தடவி, குமிழி வருகின்றதா என்று பார்க்கவேண்டும். ஒற்றைச் சிலிண்டர் பொறி இரண்டு சுற்றுக்கு ஒருமுறையே மூச்சிழுப்பதால், இடையில் காற்றைத் தேக்கிவைக்க ஒரு சிறு அறையும் அமைக்கவேண்டும்.

எண்ணெய் ஓட்டமும் அத்துணை முக்கியம். டர்போவின் அச்சு நிமிடத்திற்கு ஒரு இலட்சம் சுற்றுக்கு மேலும் சுழல்வது. அது மிதப்பது எண்ணெய்ப் படலத்தின்மீது. உள்ளே சென்ற எண்ணெய் தாராளமாக வடிந்து திரும்பவேண்டும். டர்போ எண்ணெய்த் தொட்டியினும் தாழ்வாக அமைந்தால், அது தானே மேலேறாது. இறைத்துத் தள்ளத் தனிப் பம்பு வேண்டும். ஓட்டி முடித்தவுடன் பொறியை நிறுத்தாமல், ஓரிரு நிமிடம் மெல்ல ஓடவிடுவது நல்ல பழக்கம். இல்லையேல் சூட்டில் நின்ற எண்ணெய் கருகிக் கரியாகப் படியும்.

இவையெல்லாம் சரியான பின்னரே, சுமை தரும் உருளையில், அதாவது ‘டைனோ’வில், வண்டியை ஏற்றவேண்டும். பொதுச் சாலை சோதனைக்கூடம் அன்று. பட்டறையில் பெரிய விசிறி, புகையை வெளியேற்றும் குழாய், தீயணைப்பான் ஆகியவை இருக்கவேண்டும். வண்டியை நான்கு பட்டைகளால் கட்டவேண்டும். சங்கிலியின் நேர்க்கோட்டில் பின்னால் எவரும் நிற்கலாகாது. சிவந்த டர்போவுக்கு அருகே பெட்ரோல் குழாய் தொங்கலாகாது.

முதற்கட்டத்தில் டர்போ அழுத்தமே எழாதவாறு மென்மையாக ஓட்டி, அடிப்படைக் கலவையைச் சீராக்க வேண்டும். இரண்டாம் கட்டத்தில், வேஸ்ட் கேட்டில் உள்ளவற்றுள் மிக மெல்லிய வில்லை வைத்து, 4 அல்லது 5 ராத்தலோடு நிற்கவேண்டும். பெட்ரோல் மிகுதியாகவும் தீப்பொறி தாமதமாகவும் இருக்கும் நிலையிலிருந்தே தொடங்கவேண்டும். பின்னர்ப் பெட்ரோலைச் சிறிது சிறிதாகக் குறைத்து, லாம்டாவை உரிய அளவுக்குக் கொணரவேண்டும். அதன் பிறகே தீப்பொறியை ஒவ்வொரு பாகையாக முன்னகர்த்தலாம். ஒரு பாகை முன்னகர்த்தியும் சக்தி கூடவில்லையெனில், அதுவே எல்லை. அங்கிருந்து இரண்டு பாகை பின்வாங்கி நிறுத்திவிடவேண்டும். ஒவ்வோர் ஓட்டத்திற்கும் இடையே பொறியை ஆறவிட்டு, பிளக்கைக் கழற்றிப் பார்க்கவேண்டும். அதன் வெண்ணிறப் பீங்கானில் மினுமினுக்கும் நுண்ணிய துகள்கள் தென்பட்டால், அவை பிஸ்டனிலிருந்து பெயர்ந்த அலுமினியம். அன்றைய வேலை அத்துடன் முடிந்தது. காரணம் அறியாமல் மேலே செல்லலாகாது.

என் நண்பரான மெக்கானிக் ஒரு விதியை அடிக்கடி சொல்லுவார்: “மேலே போகும்போது பெட்ரோல் முன்னால், காற்று பின்னால், கீழே இறங்கும்போது காற்று முன்னால், பெட்ரோல் பின்னால்.” இது ஒன்றை மறவாதிருந்தாலே பாதி விபத்துகள் நீங்கும் என்பது அவர் துணிபு.

சீர்செய்த வண்டி எல்லா ஊரிலும் சீராகவே இருக்கும் என்று எண்ணலாகாது. ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூரில் காற்றழுத்தம் ஏறத்தாழ 13 ராத்தல்தான். அங்கே 7 ராத்தல் டர்போ அழுத்தத்திற்குச் சுருதி கூட்டிய வண்டிக்கு மொத்தம் 20 ராத்தல் கிடைக்கின்றது. அதுவே மும்பைக்கு இறங்கினால், ஏறத்தாழ 22 ராத்தல். பொறியின் கணினி இவ்வேறுபாட்டை அளக்கவில்லையெனில் பெட்ரோல் பற்றாமற் போகும். 3,500 மீட்டர் உயரமுள்ள லே நகரில் காற்றழுத்தம் ஒன்பதரை ராத்தல் அளவே. அங்கே சக்தி குறைகின்றதென்று வேஸ்ட் கேட்டை இறுக்கினால், டர்போ தன் எல்லையைக் கடந்து சுழன்று சிதையக்கூடும்.

பொறி மட்டுமே வண்டி அன்று. சக்தி கூடினால் கிளட்ச் வழுக்கும், சங்கிலி நீளும். வேகம் 100 கிலோமீட்டரிலிருந்து 140 ஆனால், பிரேக் பிடித்து நிறுத்தும் தூரம் ஏறத்தாழ இரு மடங்காகும். டர்போவின் சக்தி கை திருகிய கணத்தில் வராமல், சற்றுத் தாமதித்து ஒரேயடியாக வருவது. வளைவில் வண்டி சாய்ந்திருக்கும்போது அது வந்தால், பின்சக்கரம் பிடி தளரும். எண்பதுகளின் நடுவில் ஜப்பானிய நிறுவனங்கள் டர்போ வண்டிகளைக் கைவிட இதுவும் ஒரு காரணம்.

சட்டத்தையும் நினைவூட்டவேண்டும். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதை 52-ஆம் பிரிவில் தடுக்கின்றது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை உறுதிசெய்தது. அவ்வாண்டின் திருத்தத்தின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்திற்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். எனவே இத்தகைய வண்டிக்கு உரிய இடம் மூடிய பந்தயத் தடமே. அங்கும் அமைப்பாளரின் அனுமதியுடனேயே ஓட்டவேண்டும்.

இனி, அந்த இளைஞரின் பிஸ்டனுக்குத் திரும்புவோம். ஜனவரிக் குளிரில், 100 ஆக்டேன் பெட்ரோலை ஊற்றி, சாலையில் ஓட்டிப் பார்த்தே அவருடைய வண்டிக்குச் சுருதி கூட்டியிருந்தனர். காற்றின் வெப்பத்தை அளக்கும் கருவி, டர்போவுக்கு முன்னால் பழைய இடத்திலேயே இருந்தது. ஆதலின் உள்ளே சூடேறிய காற்று புகுவதைக் கணினி அறியவில்லை. மே மாதத்தில், வழியில் கிடைத்த சாதாரணப் பெட்ரோலை நிரப்பிக்கொண்டு, நண்பகலில் கைப்பிடியை முழுவதும் திருகினார். பிஸ்டன் துளைபட்டது. எரிவாயு அத்துளை வழியே கீழே பாய்ந்து, பொறியின் எண்ணெயை மூச்சுக்குழாய் வழியாக வெளியே தள்ளிற்று. அவ்வெண்ணெய் பின் டயரில் படிந்தது. அவரை வீழ்த்தியது அதுதான். பின்னால் லாரி எதுவும் வராதது அவருடைய தாயார் செய்த தவம் என்றே சொல்லவேண்டும்.

பிழை ஒன்றன்று, ஐந்தாறு சிறு பிழைகள். தனித்தனியே ஒவ்வொன்றையும் பொறி பொறுத்திருக்கும். எல்லாம் ஒரே நண்பகலில் கூடிவிட்டன. இதை விளக்கியபோது அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அப்படியானால் இது கூடவே கூடாதா, ஐயா?” என்று கேட்டார். கூடாது என்று நான் சொல்லவில்லை. தாழ்ந்த இறுக்க விகிதமுள்ள பிஸ்டன், தக்க இன்ஜெக்டர், குளிர்விப்பான், டைனோ, மூடிய தடம் ஆகிய ஐந்தும் சேரும் நாளில் செய்யலாம் என்றேன். அதற்கான செலவைக் கணக்கிட்டு எழுதினோம். அவ்வண்டியின் விலையில் பாதிக்கு மேல் வந்தது.

இப்போது அவருடைய வண்டி பழைய பொறியமைப்பிலேயே, பழைய சக்தியுடன் ஓடுகின்றது. டர்போ அவர் அறையின் பரணில் இருக்கின்றது. துளைபட்ட பிஸ்டனை என்னிடமே விட்டுச் சென்றார். என் மேசையில், மொழிபெயர்க்க வேண்டிய தாள்கள் பறவாமல் அது பிடித்துக்கொண்டிருக்கின்றது. மோட்டார் சைக்கிள் ஆசையுள்ள பிள்ளைகள் வீட்டுக்கு வரும்போதெல்லாம், அதைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லுகின்றேன்.